பொம்மைகள் அசைந்த வரலாறு – 7: ஊர் தொலைத்த கதை

1958 இல் கனடாவின் வான்கூவர் நகரம் முதல்முறையாகச் சர்வதேசத் திரைப்பட விழா நடத்தியது. குழந்தைகளுக்கான சிறந்த படம் என்ற பரிசு அங்கே ஒரு ஜப்பானியப் பொம்மைப் படத்துக்குக் கிடைத்தது. தடாஹிதோ மோச்சிநாகா 1956 இல் எடுத்த அந்தக் குறும்படத்தின் பெயர் ‘சிபிகுரோ சாம்போ நோ தோரா தைஜி’. சாம்போ என்ற கறுப்புச் சிறுவன் புலிகளை அடக்கிய கதை. முப்பது ஆண்டு கழித்து, 1988 இல், அதே கதையின் ஜப்பானியப் புத்தகத்தை அந்நாட்டின் பெருமதிப்புக்குரிய பதிப்பகமான இவானாமி ஷோட்டென், இனவெறிப் புகாருக்குப் பிறகு விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. திரைப்பட வரலாறு எழுதுவோர் முதல் செய்தியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தை இலக்கிய வரலாறு எழுதுவோர் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இந்தப் படம் புரியும் என்பது என் வாதம். பரிசு வாங்கித் தந்ததும் பின்னாளில் பழி தேடித் தந்ததும் ஒரே குணம்தான். இந்தக் கதை தன் ஊரைத் தொலைத்துவிட்டிருந்தது. ஊர் இல்லாததால் எந்த நாட்டுக்கும் சுலபமாகப் போக முடிந்தது. ஊர் இல்லாததாலேயே காலியாகக் கிடந்த இடத்தில் கேலிச்சித்திரம் வந்து உட்கார்ந்தது.

தொலைந்த ஊர் தமிழ் வாசகருக்கு மிகவும் பழக்கமானது. கதையை எழுதிய ஹெலன் பானர்மேன் 1862 இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கணவர் வில்லியம் பர்னி பானர்மேன் இந்திய மருத்துவப் பணியில் அதிகாரி; பம்பாயின் பிளேக் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாளில் பொறுப்பேற்றவர். 1889 இல் மணமானபின் ஏறத்தாழ முப்பது ஆண்டு அவர்கள் வாழ்க்கை இந்தியாவிலேயே கழிந்தது. கோடை வந்தால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளை மலைக்கு அனுப்பிவிடுவது அக்கால வழக்கம். ஹெலனும் தன் இரண்டு சிறுமிகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய நீண்ட ரயில் பயணத்தில், 1898 இல், அவர்களுக்காக இந்தக் கதையை உருவாக்கினார். படங்களையும் தாமே வரைந்தார். அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. மலையிலிருந்து டோலியிலோ குதிரையிலோ இறங்கி, மாட்டு வண்டி பிடித்து அம்மையநாயக்கனூர் நிலையத்துக்கு வந்துதான் ரயிலேற வேண்டும். இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் அழைப்பது அந்த நிலையத்தைத்தான். கதை 1899 இல் லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் பதிப்பகத்தின் வழியே, குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு புத்தகமாக வந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம். அம்மா சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் தைத்துத் தருகிறாள். அப்பா பஜாருக்குப் போய்ப் பச்சைக் குடையும் ஊதாக் காலணியும் வாங்கி வருகிறார். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் உலாவப் போகும் சிறுவனை நான்கு புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறிக்கின்றன. தின்னாமல் விடுவதற்கு விலையாக ஆளுக்கொன்றைப் பறித்துக்கொள்கின்றன. நாலு காலுக்கு இரண்டு காலணி போதாது என்று தயங்கும் புலிக்குக் காதில் மாட்டிக்கொள்ளச் சிறுவனே யோசனை சொல்கிறான். குடை கிடைத்த புலி வாலில் முடிச்சுப் போட்டுக் குடையைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு யார் அழகு என்று நான்குக்கும் சண்டை. ஒன்றின் வாலை மற்றொன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி, நெய்யாகிப்போகின்றன. வேலை முடிந்து வரும் அப்பா அந்த நெய்யைப் பித்தளைப் பானையில் வழித்து எடுக்கிறார். அம்மா சுட்டுத் தரும் பான்கேக்கில் அவளுக்கு 27, அப்பாவுக்கு 55, பையனுக்கு 169.

இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? புலி ஆப்பிரிக்கக் காட்டு விலங்கே கிடையாது. பஜாரும் பித்தளைப் பானையும் இந்தியத் தெருவைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, உருகிய வெண்ணெயை இந்தியாவில் நெய் என்பார்கள் என்று ஆசிரியரே கதைக்குள் சொல்லிவிடுகிறார். ஆக, எழுத்தின் அளவில் கதையின் நாடு எது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அதைச் சட்டென்று தமிழ்நாட்டுக் கதை என்று மகுடம் சூட்டிவிடவும் முடியாது. மாவு, முட்டை, பால், சர்க்கரை கலந்து சுடும் பான்கேக் துரைமார் பங்களாச் சமையலறையின் பண்டம். புலி அன்றாடம் எதிர்ப்படும் நாடு என்று முதல் பதிப்பின் முன்னுரை இந்தியாவை வர்ணிப்பதும் அந்தப் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்த பார்வைதான். பழனி மலையில் புலி உண்டு. ஆனால் மலையடிவாரத்துக் குடியானவனுக்கு அது வேடிக்கைப் பொருள் கிடையாது. கதையின் ஊரைத் துல்லியமாகச் சொல்வதானால், அது காலனியாட்சிக் கால வெள்ளைக்கார வீட்டின் இந்தியா. அப்படியொரு குறிப்பான இடம் அதற்கு இருந்தது என்பதே இங்கே முக்கியம்.

அந்த இடம் எப்படித் தொலைந்தது? பணக்கணக்கில் சொன்னால் ஐந்து பவுண்டுக்கு. இந்தியாவில் இருந்த ஹெலனுக்குப் பதிலாக லண்டனில் ஒரு தோழி பதிப்பகத்துடன் பேசினார். பதிப்புரிமை மொத்தமாக அந்தத் தொகைக்குக் கைமாறியது. புத்தகம் பெரும் விற்பனை கண்டபோது எழுதியவருக்கு அதில் பங்கும் இல்லை, சொல்வதற்கு உரிமையும் இல்லை. அமெரிக்காவில் 1900 இல் ஒரு பதிப்பு முறையாக வந்தது. அதன்பின் ஆளாளுக்குப் பதிப்பித்தார்கள், தங்கள் ஓவியர்களை வைத்து வரைந்துகொண்டார்கள். அந்த ஓவியர்களுக்குத் தெரிந்த கறுப்புக் குழந்தை அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களின் கேலிச்சித்திரக் குழந்தை. சாம்போ என்ற பெயரும் அங்கே ஏற்கெனவே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாகப் புழங்கியது. பெயரும் படமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டன. 1935 இல் அப் ஐவர்க்ஸ் கார்ட்டூனாக்கியபோது நெய்யும் பஜாரும் அமெரிக்க ரசிகனுக்குப் பொருளற்றுப் போயிருந்தன. மிஞ்சியது கறுப்பு முகம் மட்டுமே. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930களிலேயே இந்தப் புத்தகம் கறுப்புக் குழந்தையின் மனத்தைப் புண்படுத்தும் வகையைச் சேர்ந்தது என்று எழுதிவிட்டார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குற்றம் முழுவதையும் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தலையில் கட்டுவது சரியா? ஹெலன் வரைந்த படங்களிலேயே தடித்த உதடும் உருண்ட கண்ணும் இருக்கின்றனவே. பெயர் சூட்டியதும் அவர்தானே? உண்மைதான். அதோடு நிற்கவுமில்லை. அடுத்தடுத்து எழுதிய சிறு புத்தகங்களில் குவாஷா, குவிபா என்று ஆப்பிரிக்க, கரீபியச் சாயல் உள்ள பெயர்களையே அவர் வைத்தார். ஆகவே கதை பிறந்த அன்றே அதன் எழுத்து ஓர் ஊரிலும் படம் வேறோர் ஊரிலும் இருந்தன என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் கண்ணுக்கு மதராஸ் கறுப்பனும் ஜமைக்காக் கறுப்பனும் ஒருவரே. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. எழுத்தில் ஊர் இருந்தது, படத்தில் இல்லை. உரிமை ஆசிரியரிடம் இருந்திருந்தால் எழுத்தும் படமும் ஒன்றாகவே பயணம் செய்து, பிற்காலத்தில் ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்தும் வாய்ப்பாவது மிஞ்சியிருக்கும். ஐந்து பவுண்டு அந்த வாய்ப்பை அடைத்தது. ஊர் இருந்த எழுத்து மெல்லத் தேய்ந்தது. ஊர் இல்லாத படம் பெருகியது.

ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் படம்தான். 1953 இல் இவானாமி தன் குழந்தை நூல் வரிசையில் சாம்போவை வெளியிட்டபோது அதற்கு எடுத்துக்கொண்டது ஹெலனின் ஓவியங்களை இல்லை. 1927 இல் அமெரிக்காவின் மேக்மில்லன் பதிப்புக்காக ஃபிராங்க் டோபியாஸ் வரைந்தவற்றை. போருக்குப் பிந்தைய ஜப்பானியப் பிள்ளைகள் ஒரு தலைமுறை அந்தப் புத்தகத்தோடு வளர்ந்தது. புத்தகம் வந்த மூன்றாம் ஆண்டில் மோச்சிநாகாவின் பொம்மைப் படம் வந்தது. மறு ஆண்டே, சாம்போவும் இரட்டைத் தம்பிகளும் என்ற தொடர்ச்சிப் படம். இவானாமி புத்தகத்தில் இரண்டாவதாக அச்சான கதையும் அதே இரட்டையர் கதைதான். படக்குழு எந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மோச்சிநாகாவின் வாழ்க்கையையும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்; அவரும் ஊர் மாறி ஊர் மாறி, பெயர் மாறிப் பெயர் மாறி வேலை செய்தவர். 1919 இல் தோக்கியோவில் பிறந்தார். பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி மஞ்சூரியாவில். 1941 இல் மித்சுயோ செயோவின் ‘அரி-சான்’ என்ற எறும்புக் கதைப் படத்துக்காக, ஜப்பானில் முதல்முறையாகப் பல அடுக்குக் கேமராவை அமைத்துத் தந்தார். முத்துத் துறைமுகத் தாக்குதலைப் பிள்ளைகளுக்குப் புராண வீரன் மோமொதாரோவின் சாகசமாகச் சொன்ன 1943 ஆம் ஆண்டுப் பிரசாரப் படத்திலும் அவர் கை உண்டு. 1945 ஜூனில், போர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, மஞ்சூரியாவுக்குப் போய் ஜப்பானியக் கட்டுப்பாட்டில் இருந்த திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். ஜப்பான் தோற்றது, ஸ்டுடியோ சீனக் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1947 இல் சென் போஅர் இயக்கத்தில் சியாங் கை ஷேக்கைக் கேலி செய்த ‘பேரரசரின் கனவு’ அவருடைய கைத்திறனில் உருவானது. சீனாவின் முதல் பொம்மை அனிமேஷன் படம் என்று சொல்லப்படுவது அதுதான். அடுத்த ஆண்டு வந்த செல் கார்ட்டூனை இயக்கியவர் பெயர் ஃபாங் மிங். அது மோச்சிநாகாவின் சீனப் பெயர். ஷாங்காய்க்கு இடம்பெயர்ந்த அந்த ஸ்டுடியோவின் அனிமேஷன் பிரிவே பின்னாளில் புகழ்பெற்ற ஷாங்காய் அனிமேஷன் ஸ்டுடியோவாக வளர்ந்தது. 1953 இல் அவர் ஜப்பான் திரும்பி, 1955 இல் சொந்தமாகப் பொம்மைப் பட நிறுவனம் தொடங்கினார்.

அத்தகைய ஒருவர் சாம்போ கதையை எடுத்துக்கொண்டதில் தொழில் காரணமும் இருக்கிறது. ஸ்டாப் மோஷன் படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே நிலையை இரண்டு ஃபிரேமுக்குப் படம் பிடித்தாலும் ஒரு நிமிடப் படத்துக்குப் பொம்மையை 720 முறை தொட்டு நகர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு தொடலிலும் துணி கசங்கும், முடி கலையும், விளக்குச் சூட்டில் சாயம் மங்கும். வரைந்த கார்ட்டூனில் கோட்டை இழுத்தால் முகம் அழும், சிரிக்கும். மரத்தாலும் கம்பியாலும் ஆன பொம்மைக்கு முகபாவம் குறைவு. அதனால் பொம்மைப் படக்காரர்கள் முகத்தைவிடப் பொருளை நம்புவார்கள். சட்டை கைமாறுகிறது, குடை கைமாறுகிறது, காலணி காதுக்குப் போகிறது என்று போகும் கதை அவர்களுக்கு வரப்பிரசாதம். பேச்சே தேவையில்லை, எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே யார் கை ஓங்கியிருக்கிறது என்று நாலு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். நான்கு புலியும் ஒரே மாதிரி உடல், வெவ்வேறு உடுப்பு. ஒரே நிகழ்ச்சி நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சின்ன மாற்றத்தோடு. பட்டறைக்குச் சிக்கனம், பார்வையாளனுக்குச் சிரிப்பு. ஹெலன் பானர்மேனுக்குக் கதை கட்டத் தெரிந்திருந்தது என்பதைப் பொம்மைப் படக்காரனின் கண் உடனே கண்டுகொள்ளும்.

பேச்சுத் தேவையில்லாத இந்தக் குணம்தான் படத்தைக் கடல் கடத்தியது என்று நினைக்கிறேன். மோச்சிநாகா அதே 1956 இல் ஜப்பானிய நாட்டுப்புறக் கதையான உரிகோ இளவரசியையும் பொம்மைப் படமாக்கியிருந்தார். கைத்திறனில் அது இளைத்ததாக இருந்திருக்க நியாயமில்லை; அதே பட்டறை, அதே கைகள். ஆனால் முலாம்பழத்திலிருந்து பிறந்த பெண்ணையும் அவளை ஏமாற்றும் குட்டிப் பேயையும் வான்கூவர் நடுவர்களுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். சாம்போவை அவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்திலேயே படித்திருப்பார்கள். பரிசுக்குக் கைத்திறன் காரணம் என்றால், அந்தக் கைத்திறன் கண்ணில் படக் காரணம் முகவரி இல்லாத கதை.

இதற்கு ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும்: நல்ல குழந்தைக் கதை எல்லாமே ஊர் தாண்டிப் போவதுதான், பஞ்சதந்திரம் பாரசீகம் போய், அரபு நாடு போய், ஐரோப்பா வரை போகவில்லையா? போயிற்று. ஆனால் போன இடமெல்லாம் அந்தந்த மண்ணில் வேர்விட்டது. ஈசாப்பின் எறும்பை ரஷ்யாவின் கிரைலோவ் தன் நாட்டுக் குளிருக்குள் கொண்டுவந்து வைத்தார். இத்தொடரில் முன்பே பார்த்த ஸ்டாரெவிச் படமாக்கியது அந்த ரஷ்ய எறும்பைத்தான். சாம்போவுக்கு அப்படி எந்த நாட்டிலும் குடியுரிமை கிடைக்கவில்லை. ஜப்பானில் அவன் ஜப்பானியப் பையனாக மாறவில்லை. அமெரிக்காவில் பக்கத்து வீட்டுப் பையனாகவும் ஆகவில்லை. போன இடமெல்லாம் அவன் தூரத்து நாட்டு வேடிக்கைப் பையனாகவே நிறுத்தப்பட்டான். ஊர் மாறிய கதைக்கும் ஊர் தொலைத்த கதைக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னதைக் கேட்கும் பிள்ளை கதைக்குள் தன்னைப் பார்க்கிறது. பின்னதைக் கேட்கும் பிள்ளை தன்னைப் போலில்லாத ஒருவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறது.

வான்கூவர் பரிசால் வந்த பெயர் மோச்சிநாகாவை அமெரிக்கத் தொலைக்காட்சியோடு இணைத்தது. நியூயார்க்கில் ஆர்தர் ராங்கினும் ஜூல்ஸ் பாஸும் நடத்திய நிறுவனத்துக்காக அவருடைய தோக்கியோ ஸ்டுடியோ 1960 முதல் பினோக்கியோ கதையை ஐந்து நிமிடத் துண்டுகளாக 130 பகுதி எடுத்துத் தந்தது. பிறகு 1964 டிசம்பர் 6 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ‘ருடால்ஃப்’ வந்தது. சிவப்பு மூக்கு கலைமானின் கதை. அதற்குப் பிறகு அது ஒளிபரப்பாகாத கிறிஸ்துமஸ் அமெரிக்காவில் வந்ததே இல்லை. குரல்கள் டொராண்டோவில் பதிவாயின. பொம்மைகள் தோக்கியோவில் இச்சிரோ கொமுரோவின் கையில் உருவாயின. மரம், கம்பி, துணி, தோல். சாண்டா தாத்தாவின் தாடிக்கு யாக் மயிர். படத்தின் பெயர்ப் பட்டியலில் மோச்சிநாகாவின் பெயர் டாட் மோச்சிநாகா என்று சுருங்கியது. ஒரு மனிதருக்கு மூன்று நாட்டில் மூன்று பெயர். 2020 இல் ருடால்ஃப், சாண்டா பொம்மைகள் இரண்டும் அமெரிக்காவில் 3,68,000 டாலருக்கு ஏலம் போயின.

சாம்போ பரிசு வாங்காவிட்டாலும் ராங்கின் தோக்கியோவுக்கு வந்திருப்பார், ஜப்பானில் கூலி மலிவு என்று சிலர் சொல்லலாம். வந்திருக்கலாம். மலிவு ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மலிவு ஒருவரைத் தோக்கியோ வரை கூட்டிவரும். எந்தப் பட்டறைக் கதவைத் தட்டுவது என்று சொல்லாது. அதைச் சொல்லப் பரிசு தேவைப்பட்டது. இதைவிட ஆழமான பாடம் அந்த இரண்டு கதைகளின் உரிமையில் கிடக்கிறது. ருடால்ஃபும் குழந்தைக் கதைதான். மாண்ட்கோமரி வார்டு என்ற கடைநிறுவனம் 1939 கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க, அங்கே வேலை பார்த்த ராபர்ட் மே எழுதிக் கொடுத்தது. 1947 இல் நிறுவனம் பதிப்புரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் போட்ட பாட்டு அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. கதை எழுதியவர் கையில் இருந்தது. கதையின் முகமும் நிலைத்தது. ஒரே பொம்மைக்காரரின் பட்டறை வழியே இரண்டு குழந்தைக் கதைகள் போயின. உரிமையுள்ள கதை ஆண்டுதோறும் பண்டிகையாக வருகிறது. ஐந்து பவுண்டுக்கு உரிமை போன கதை ஆவணக்காப்பகத்தில் கிடக்கிறது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் உணர்ச்சியோடு வரும். ஜப்பானியருக்குக் கறுப்பினத்தவரோடு பகை ஏது, பிள்ளைகளுக்கான அப்பாவிப் படத்தில் இனவெறியைத் தேடுவது மிகையில்லையா? எண்ணம் தூய்மையானது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எண்ணம் தூய்மையாக இருந்தால் உருவமும் தூய்மையாகிவிடும் என்பதற்குச் சான்று இல்லை, எதிர்ச்சான்றுதான் இருக்கிறது. 1960 கோடையில் டாக்கோ-சான் என்ற காற்றடைத்த கறுப்புப் பொம்மையைத் தோளிலும் கையிலும் கட்டிக்கொண்டு ஜப்பானிய இளைஞர்கள் வீதியில் திரிந்தார்கள். சாம்போ பெயரிலேயே விளையாட்டுப் பொருள்கள் பின்னாளில் கடைக்கு வந்தன. 1988 இல் வாஷிங்டன் போஸ்ட் இவற்றைப் பற்றி எழுதியபோதுதான், பிள்ளை விளையாட்டாக உள்ளூரில் கருதப்பட்டது வெளியே எப்படித் தெரிகிறது என்று பலருக்கு உறைத்தது. ஒஸாகா வட்டாரத்துக் குடும்பம் ஒன்று தொடங்கிய கடித இயக்கத்துக்குப் பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் இவானாமியும் வேறு பல பதிப்பகங்களும் சாம்போவை நிறுத்தின. புத்தகம் போனதும் அதைச் சார்ந்த படமும் கண்ணிலிருந்து மறைந்தது. பகை இல்லாமலேயே கேலி பரவ முடியும். கேலிக்கு ஆளானவர்கள் பக்கத்தில் இல்லாத நாட்டில் அது இன்னும் தடையில்லாமல் பரவும்.

கதையின் தசையிலேயே நஞ்சு இருக்கிறது, அதை அடியோடு விட்டுவிடுவதே மேல் என்று வாதிடுவோரும் உண்டு. 1996 இல் நடந்த ஒன்று அந்த வாதத்தை முறியடித்தது. ஓவியர் ஃபிரெட் மார்செலினோ ஹெலனின் எழுத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி, இந்தியச் சூழலில் புதிதாக வரைந்து ‘லிட்டில் பாபாஜி’ என்று வெளியிட்டார். அதே ஆண்டு கறுப்பினத்தவர்களான எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெர்ரி பிங்க்னியும் கதையை அமெரிக்கத் தெற்கின் கற்பனை ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோய் ‘சாம் அண்ட் தி டைகர்ஸ்’ ஆக்கினார்கள். இரண்டு புத்தகமும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று கதைக்குப் பழைய ஊரைத் திருப்பிக் கொடுத்தது. மற்றது புது ஊர் கொடுத்தது. கதை ஒரு வரிகூடத் தன் சுவையை இழக்கவில்லை. நஞ்சு கதையில் இல்லை, ஊரில்லாத வெற்றிடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை நடந்திருக்க முடியாது. பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என்ற வடக்கத்திப் பெயர்கள் கொடைக்கானல் ரயிலுக்குப் பொருந்தவில்லையே என்று நாம் முணுமுணுக்கலாம். அது சின்னக் குறை. 2005 இல் ஜப்பானில் வேறொரு பதிப்பகம் பழைய டோபியாஸ் படங்களோடே புத்தகத்தை மறுபடி அச்சிட்டு நன்றாக விற்றது. பெரிய குறை அங்கே இருக்கிறது: கதையை மீட்பதாகச் சொல்லி, தொலைந்துபோன ஊரை விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்ட கேலிச்சித்திரத்தையே மீட்டார்கள்.

அப்படியானால் 1956 ஆம் ஆண்டுக் குறும்படத்தை என்ன செய்வது? பூட்டி வைப்பது வரலாற்றுக்குத் துரோகம். சீனாவின் முதல் பொம்மைப் படத்துக்கும் அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் சடங்குக்கும் நடுவே ஒரே மனிதரின் கை இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி இந்தப் படம். பொம்மைப் படக் கலையின் வரலாற்றை இதை விட்டுவிட்டு எழுத முடியாது. தூசி தட்டிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாகப் போடுவதும் சரியில்லை. அதற்கு 1996 ஆம் ஆண்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் காட்டப்பட வேண்டும். காட்டும்போது அருகில் இரண்டு புத்தகம் வைக்கப்பட வேண்டும்: நெய் என்ற சொல் உள்ள 1899 ஆம் ஆண்டுப் பதிப்பும், டோபியாஸ் படமுள்ள 1953 ஆம் ஆண்டு ஜப்பானியப் பதிப்பும். எது கதையோடு வந்தது, எது வழியில் ஒட்டியது என்று பார்ப்பவரே பிரித்துக்கொள்வார். நம் பங்குக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; கதை நம் ரயிலில் பிறந்தது, நம் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் அறியாமலே பிறந்தது. குழந்தைக் கதை எழுதுவோர் மட்டும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், எந்த மொழிக்கும் கொடுங்கள். பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த பகுதியில், மோச்சிநாகாவிடம் தொழில் பழகிய கிஹாச்சிரோ கவமோட்டோ 1963 இல் பொம்மைப் படக் கலைஞர் யிர்ஷி திருங்காவைத் தேடிப் பிராகா நகரம் போன கதை.